இக்கதையின் நீதி யாது?

திருவாரூர் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில், கிளை நூலகத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில், சனிக்கிழமை பிற்பகல்களில் ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுடன் தத்துவம் பேசிவருகிறேன். இதைக் கேள்விப்பட்டு வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, இதில் சேர்ந்தால் பிள்ளை நன்றாகப் படிக்குமா, மதிப்பெண் கூடுமா என்பதைத்தான். டியூஷனுக்கோ வீட்டு வேலைக்கோ போகவேண்டிய நேரத்தை என்னிடம் ஒப்படைக்கிறவர்கள் அப்படிக் கேட்பது நியாயம் என்பதால், தெரிந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் இதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 48 பள்ளிகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளி மாணவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானபோது, வாரந்தோறும் தத்துவ உரையாடலில் ஈடுபட்ட பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மாதப் பாடம் முன்னால் சென்றிருந்ததாகத் தெரிந்தது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இன்னும் கூடுதலாக இருந்தது. அதே முயற்சியைச் சுமார் 200 பள்ளிகளுக்கு விரித்துச் செய்து 2021இல் முடிவை வெளியிட்டபோதோ, வாசிப்புத் தேர்ச்சியில் பலன் கிடைத்ததற்குச் சான்று இல்லை என்று ஆகிவிட்டது. இவற்றுக்கு முன்பே, ஸ்காட்லாந்தின் க்ளாக்மன்னன்ஷயர் பகுதியில் வாரம் ஒரு மணி நேரம் இப்படிப் பேசிய பிள்ளைகள் அறிதிறன் தேர்வுகளில் முன்னேறினார்கள் என்றும், மேல்நிலைப் பள்ளிக்குப் போய் இரண்டாண்டு கழித்தும் அந்த முன்னேற்றம் கரையவில்லை என்றும் 2007இல் வெளியான ஆய்வுகள் கூறின. சான்றுகள் ஒரே பக்கமாகச் சாயவில்லை. ஆகவே மதிப்பெண்ணை மட்டும் எண்ணி வரும் பெற்றோரிடம், அந்த நேரத்தில் பிள்ளையை நூலகத்தின் உள்ளே உட்காரவைத்து ஒரு நல்ல கதைப் புத்தகத்தைக் கையில் கொடுப்பதே உறுதியான வழி என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்ன பிறகும் அவர்களில் பலர் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அதற்கு அவர்களுக்கென்று ஒரு காரணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

என் காரணத்தைச் சொல்கிறேன். நம் பள்ளிகளில் சிந்தனைக்கென்று இருந்த ஒரே பாடவேளை நீதிபோதனை. அது வாரத்தில் ஒரு முறை வரும்; பெரும்பாலும் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ பாடம் முடியவில்லை என்று அதை வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொள்ளாத வாரங்களில் ஒரு கதை சொல்லப்படும், கதை முடிந்ததும் 'இக்கதையின் நீதி யாது?' என்று கேட்கப்படும், அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடை இருக்கும். விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். கொஞ்சம் விவரமான பிள்ளைக்கும் முன்பே தெரியும். கதையில் வந்தவர்கள் செய்தது சரியா என்று யாரும் யோசிக்க வேண்டிய தேவையே அந்த வகுப்பில் எழுவதில்லை.

பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்வோம். காகம் வடையைத் தூக்கிக்கொண்டு போகிறது, நரி அதைப் பாடச் சொல்லி ஏமாற்றுகிறது, வடை நரியின் வாயில் விழுகிறது. முகத்துதிக்கு மயங்காதே என்பது நாம் எல்லோரும் எழுதி மதிப்பெண் வாங்கிய நீதி. எங்கள் வட்டத்தில் இந்தக் கதையைப் படித்துவிட்டு, நீதி எதுவும் கேட்காமல், இதில் உங்களுக்கு இடிக்கிற இடம் எது என்று மட்டும் கேட்டேன். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "வடை போனது பாட்டிக்குத்தானே டீச்சர், புத்தி மட்டும் ஏன் காக்காவுக்குச் சொல்றாங்க?" என்றாள். அதன்பிறகு ஒரு மணி நேரம் எனக்கு வேலையே இல்லை. திருடிய பொருளைத் திருடினவனிடமிருந்து எடுப்பது திருட்டா என்று ஒருவன் கேட்டான். நரி பாட்டியிடம் வடையைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அது ஏமாற்றியது சரியாகிவிடுமா என்று இன்னொருத்தி கேட்டாள். காகத்துக்குப் பசி என்றால் அது திருட்டில் சேருமா என்றும், மனிதர்களுக்கு உள்ள சட்டம் காகத்துக்கு எப்படிப் பொருந்தும் என்றும் பேச்சு போயிற்று. சொத்துரிமை, தேவை, நோக்கத்துக்கும் செயலுக்கும் உள்ள உறவு, பொறுப்பேற்கத் தகுதியுள்ளவர் யார் என்று பல்கலைக்கழகத்தில் தனித்தனித் தாள்களாகப் பிரித்துவைக்கும் அத்தனையும் அங்கே வந்துவிட்டன. மூன்று தலைமுறையாக நாம் சொல்லிவந்த கதையில் பாட்டிக்கு நேர்ந்த இழப்பை அந்தச் சிறுமிக்கு முன்னால் யாரும் எண்ணிப் பார்க்காமல் போனதற்கு, நீதி முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருந்ததுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தத்துவம் என்பதை ஒரு முறையான கல்வித் திட்டமாக வளர்த்தவர் மாத்யூ லிப்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1923இல் பிறந்த அவர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தர்க்கமும் தத்துவமும் கற்பித்துவந்தார். 1960களின் கடைசியில் அந்த வளாகம் மாணவர் கிளர்ச்சியில் கொந்தளித்தபோது, மாணவர்களும் நிர்வாகமும் காரண காரியம் பேச முடியாமல் மோதிக்கொண்டதைப் பார்த்து, சிந்திக்கக் கற்றுக்கொடுப்பதற்குக் கல்லூரி வரை காத்திருப்பது மிகத் தாமதம் என்ற முடிவுக்கு வந்தார். பத்து, பதினோரு வயதில் தொடங்க வேண்டும் என்றால் பாடநூலை எழுதிப் பயனில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. ஆகவே ஒரு நாவல் எழுதினார். 'ஹாரி ஸ்டாட்டில்மையரின் கண்டுபிடிப்பு' என்ற அந்த நூலை 1970இல் நியூஜெர்சி மாநிலத்தின் மான்ட்கிளேர் ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பயன்படுத்திப் பார்த்தார். பிறகு கொலம்பியாவை விட்டு மான்ட்கிளேர் அரசுக் கல்லூரிக்கே வந்து, 1974இல் இதற்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடன் ஆன் மார்கரெட் ஷார்ப் என்ற கல்வியாளர் சேர்ந்து, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பைப் பெருமளவு சுமந்தார். இருவரும் 2010இல் காலமானார்கள்.

அந்த நாவலின் முதல் அத்தியாயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கல்வியின் உயிர் அதில் இருக்கிறது. ஹாரி வகுப்பில் கவனம் சிதறி உட்கார்ந்திருக்கிறான். நீண்ட வாலுடன் 77 ஆண்டுகளுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றிவருவது எது என்று ஆசிரியர் அவனைக் கேட்கிறார். கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றுகின்றன என்று சற்று முன்பு கேட்டது நினைவுக்கு வர, அது ஒரு கோள்தான் என்று சொல்லிவிடுகிறான், வகுப்பு சிரிக்கிறது. வெட்கத்தோடு வீட்டுக்குப் போகும் வழியில் தான் எங்கே தவறினோம் என்று யோசிக்கிறான். கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றுபவை என்பது உண்மை. அதைத் திருப்பிப்போட்டு, சூரியனைச் சுற்றுபவை எல்லாம் கோள்கள் என்றால் அது பொய்யாகிவிடுகிறது. வாக்கியங்களைத் திருப்பிப்போட்டால் உண்மை நிலைப்பதில்லை என்று ஒரு விதியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் தோழி லிசாவிடம் சொல்கிறான். அவள் சற்று யோசித்து, 'எந்தக் கழுகும் சிங்கம் அல்ல' என்ற வாக்கியத்தைத் தருகிறாள். எந்தச் சிங்கமும் கழுகு அல்ல என்பதும் உண்மைதானே! விதி உடைந்துவிடுகிறது. ஹாரி மனம் தளர்ந்தாலும் விட்டுவிடவில்லை. 'எல்லாம்' என்று தொடங்கும் வாக்கியத்தைத் திருப்ப முடியாது, 'எதுவும் இல்லை' என்று சொல்லும் வாக்கியத்தைத் திருப்பலாம் என்று இருவரும் சேர்ந்து விதியைத் திருத்திக்கொள்கிறார்கள்.

இது பள்ளிக்கூடத் தர்க்கம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஹாரி வீட்டுக்குள் நுழையும்போது, பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் அவன் தாயிடம் இன்னொரு பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். குடியை விட முடியாதவர்கள் எல்லாம் தினமும் மதுக்கடைக்குப் போகிறார்கள், அந்தப் பெண்ணும் தினமும் அந்தக் கடைக்குப் போவதைப் பார்க்கிறேன், ஆகவே… என்று அவர் இழுக்கும் இடத்தில் ஹாரி குறுக்கிட்டு, குடியை விட முடியாதவர்கள் எல்லாம் கடைக்குப் போகிறார்கள் என்பதால், கடைக்குப் போகிறவர்கள் எல்லாம் குடியை விட முடியாதவர்கள் என்று ஆகிவிடாது என்கிறான். அந்த அறையில் இல்லாத ஒரு பெண்ணின் மானத்தை ஒரு சிறுவனின் தர்க்கம் காப்பாற்றுகிறது. லிப்மன் இதற்கு விளக்கவுரை எதுவும் எழுதவில்லை. கதை அப்படியே நகர்ந்துபோகிறது. தர்க்கத்தை அறத்தோடு சேர்த்து ஒரே காட்சியில் இப்படிக் கொண்டுவந்த எழுத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த அத்தியாயத்தைத் தமிழில் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுத்தபோது, திருப்பிப்போட்டால் உடைகிற வாக்கியங்களை அவர்கள் அடுக்க ஆரம்பித்தார்கள். பாம்பு எல்லாம் ஊரும், ஊருவதெல்லாம் பாம்பு இல்லை. நெல் எல்லாம் பயிர், பயிர் எல்லாம் நெல் இல்லை, உளுந்தும் பயிர்தான். கொஞ்ச நேரம் விளையாட்டாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போது ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், "திருடன் எல்லாரும் ராத்திரியிலதான் சுத்துவான். ஆனா ராத்திரி சுத்துறவங்க எல்லாம் திருடன் இல்ல. எங்கப்பா பால் வண்டி ஓட்டுறாரு, ரெண்டு தடவை போலீஸ் நிறுத்திடுச்சு" என்றான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பிறகு அவர்களாகவே, யாரைப் பற்றியெல்லாம் இப்படித் திருப்பிப்போட்டுப் பேசுகிறோம் என்று எண்ணத் தொடங்கினார்கள். கடைசி பெஞ்சில் உட்காருபவர்கள், ஆங்கிலம் பேசத் தெரியாதவர்கள், தூரத்து ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் என்று பட்டியல் நீண்டது.

நடைமுறை எளியது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பத்தியாக ஒரு கதையை வாய்விட்டுப் படிப்பார்கள். படித்து முடித்ததும், அதிலிருந்து எழுந்த கேள்விகளை அவர்களே சொல்வார்கள். ஒவ்வொரு கேள்வியையும் சொன்னவரின் பெயரோடு கரும்பலகையில் எழுதுவேன். இது லிப்மன் வலியுறுத்திய வழக்கம், தன் பெயரோடு தன் கேள்வி பலகையில் ஏறுவது ஒரு பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்த்தவர்கள் அதை ஒருபோதும் விடமாட்டார்கள். பிறகு எதைப் பேசுவது என்று கைதூக்கி முடிவு செய்வோம். பேச்சு தொடங்கியதும் என் பங்கு மிகக் குறைவு. ஏன் அப்படி நினைக்கிறாய், ஓர் உதாரணம் சொல்ல முடியுமா, நீ சொல்வதும் அவள் சொன்னதும் ஒன்றா வேறா, இது எப்போதும் உண்மையா என்று கேட்பதற்கு மேல் நான் எதுவும் சொல்வதில்லை.

யார் பேசுவது என்பதற்கு ஹவாயிலிருந்து ஒரு நல்ல வழியை எடுத்துக்கொண்டேன். அங்கே தாமஸ் ஜாக்சன் என்ற பேராசிரியர் 1984 முதல் இந்தப் பணியைப் பள்ளிகளில் வளர்த்தவர். புதிதாகச் சேரும் வகுப்பில் முதல் நாள், பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே கம்பளி நூலைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். எல்லோரும் பேசி முடித்ததும் அந்த நூலை இறுக்கிக் கட்டினால் பந்தாகிவிடும். அதன்பிறகு பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். பேச விரும்பாதவர் காரணம் சொல்லாமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். எங்கள் ஊரில் கம்பளி நூலுக்கு எங்கே போவது, ஆளுக்கொரு பழைய சேலைக் கிழிசல் கொண்டுவரச் சொன்னேன். அம்மாவின் சேலை, பாட்டியின் சேலை, அக்காவின் தாவணி என்று எல்லாம் சேர்ந்து உருண்ட அந்தத் துணிப்பந்தை எவரும் கீழே போடுவதில்லை. வகுப்பறையில் வாயே திறக்காத பிள்ளைகள், பந்து கையில் இருக்கும்போது குறுக்கே யாரும் பேச மாட்டார்கள் என்ற உறுதி வந்ததும் பேசத் தொடங்குவதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். பேசாமல் பந்தை நகர்த்திவிடும் உரிமையும் அவ்வளவே முக்கியம்; பதில் சொல்லாவிட்டால் எழுந்து நிற்கவைக்கும் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த உரிமை முதலில் நம்பவே முடியாததாக இருக்கிறது.

திருவாரூரில் இருந்துகொண்டு தேரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் ஆழித்தேர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் தீக்கிரையாகி, பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. அதன் பின்னும் மரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன, திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்திருக்கின்றன. இப்போது ஓடுவது அதே தேர்தானா என்பது ஒரு சனிக்கிழமையின் கேள்வி. எரிந்துபோன பிறகு கட்டியது வேறு தேர்தான் என்று ஒரு கூட்டமும், சாமியும் வீதியும் பெயரும் மாறாதபோது தேர் மட்டும் எப்படி மாறும் என்று இன்னொரு கூட்டமும் பிரிந்தன. "என் சைக்கிள்ல செயின், டயர், சீட் எல்லாம் மாத்தியாச்சு, ஆனா எங்கண்ணன் இன்னும் அது அவன் சைக்கிள்தான்னு சொல்லிச் சண்டைக்கு வர்றான்" என்று ஒருவன் சொன்னதில் பேச்சு சூடுபிடித்தது. ஒரேயடியாக எரிவதும், ஒவ்வொன்றாக மாற்றுவதும் ஒன்றா? எத்தனை பாகம் மாறினால் பொருள் மாறும்? அதுவரை பந்தை இரண்டு முறை நகர்த்திவிட்டிருந்த பதினோரு வயதுப் பெண், "கழட்டிப் போட்ட பழைய மரத்தையெல்லாம் யாராவது சேத்து வச்சு இன்னொரு தேர் கட்டிட்டா, அப்ப எது ஆழித்தேர்?" என்று கேட்டாள்.

தீசியஸ் என்ற கிரேக்க வீரனின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின்னும் அது அதே கப்பல்தானா என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்த புதிருக்கு, பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் சேர்த்த திருப்பம் அப்படியே இதுதான்: கழற்றிய பழைய பலகைகளைக் கொண்டு ஒருவன் மீண்டும் கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல் என்று அவர் கேட்டார். அதை அன்று நான் அங்கே சொல்லவில்லை. ஒரு பெரிய பெயரைச் சொன்ன மாத்திரத்தில் பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பெரியவர் என்ன விடை சொன்னார் என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். சில வாரம் கழித்து அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொன்னபோது, அவருக்கும் விடை கிடைக்கவில்லையா என்று ஆர்வத்தோடு கேட்டாள். தத்துவ வரலாறு பிள்ளைகளுக்கு வேண்டும். அது அவர்கள் தாங்களே ஒரு கேள்வியைப் பிடித்த பிறகு, அதே வழியில் முன்பு நடந்தவர்களை அறிமுகம் செய்துவைப்பதாக வந்தால் போதும் என்பது என் கருத்து.

இந்த வயதில் இதெல்லாம் முடியுமா என்ற ஐயத்துக்கு உளவியலில் பெரிய ஆதாரமாகக் காட்டப்பட்டவர் ழான் பியாஜே. பொருள்களை விட்டு விலகிக் கருத்துகளைக் கொண்டு மட்டும் சிந்திக்கும் ஆற்றல் பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் தொடங்குகிறது என்ற அவரது படிநிலைக் கோட்பாட்டை ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த கேரத் மாத்யூஸ், 1980இல் வெளியிட்ட நூலில் இதை நேருக்கு நேர் மறுத்தார். ஆறு வயது டிம் என்ற சிறுவன் பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை நக்கிக்கொண்டே தந்தையிடம், எல்லாமே கனவாக இல்லை என்று நமக்கு எப்படி உறுதியாகத் தெரியும் என்று கேட்கிறான். தந்தை தெரியவில்லை என்று சொல்லி, நீ எப்படி நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்கிறார். இன்னும் கொஞ்சம் நக்கிவிட்டு, எல்லாம் கனவாக இருக்காது, கனவில் யாரும் இது கனவா என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்கிறான் டிம். அந்த வாதத்தில் ஓட்டை இருக்கலாம். ஆனால் அது வாதம். பிள்ளைகள் எல்லோரிடமும் பொதுவாகக் காணப்படும் விடைகளையே பியாஜே தேடியதால், இப்படி எதிர்பாராமல் வரும் விடைகள் அவருடைய கணக்கில் இடம்பெறவே இல்லை என்பது மாத்யூஸின் குற்றச்சாட்டு. தந்தை சொன்ன 'தெரியவில்லை' என்ற சொல்தான் டிம்மின் விடைக்கு இடம் கொடுத்தது என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

பழைய மறுப்பு ஒன்று பிளேட்டோவிடமிருந்து வருகிறது, அதை நான் எளிதில் தள்ளுவதில்லை. 'குடியரசு' நூலின் ஏழாம் பகுதியில், தர்க்க விவாதத்தை முப்பது வயதுக்கு முன் கற்றுக்கொடுக்கலாகாது என்கிறார். இளையவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு, நாய்க்குட்டிகள் கிடைத்ததை எல்லாம் இழுத்துக் கிழிப்பதுபோல எதிர்ப்பட்டவர்களை எல்லாம் வாதத்தால் கிழிப்பார்கள், கடைசியில் எதையும் நம்பாதவர்களாகிவிடுவார்கள் என்பது அவர் அச்சம். இந்த ஆபத்தை நம் ஊரில் பேச்சுப்போட்டியிலும் பட்டிமன்றத்திலும் கண்கூடாகப் பார்க்கலாம். யாரோ எழுதிக்கொடுத்ததை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்துப் பரிசு வாங்கும் பிள்ளைகள் எங்கள் வட்டத்துக்கு வரும்போது மிகவும் தடுமாறுகிறார்கள். எந்தப் பக்கம் டீச்சர் என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. தன் பக்கத்தை எடுத்துக்கொண்டால் கடைசிவரை விடாமல் நிற்பார்கள். அடுத்தவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதைத் தோல்வியாகவே எண்ணுவார்கள். அவர்களில் ஒருவன் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள், "நான் போன வாரம் சொன்னத மாத்திக்கிறேன்" என்று பந்தை வாங்கிச் சொன்னபோது, மேடையில் அவன் வாங்கிய கோப்பைகளைவிட அது பெரிது என்று எனக்குப் பட்டது. பிளேட்டோ அஞ்சியது வெல்வதற்காகப் பேசும் பேச்சை. பத்து வயதிலேயே சேர்ந்து தேடும் பழக்கம் வந்துவிட்டால், பின்னால் வாதத்தைக் கையில் எடுக்கும்போது கிழிக்கத் தோன்றாது என்பதே அவருக்கு நான் தரக்கூடிய விடை.

எதிர்ப்புறத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. கொஞ்ச நாள் பழகியதும் பிள்ளைகள், அவரவருக்கு அவரவர் கருத்து என்று சொல்லி முடித்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார்கள். கேட்க நாகரிகமாக இருக்கும். ஆனால் அதோடு யோசனை நின்றுவிடும். காரணம் உள்ள கருத்தும் காரணம் இல்லாத கருத்தும் ஒரே எடை உடையவை என்று ஒரு பிள்ளை எண்ணிக்கொண்டு போனால் அந்த வகுப்பால் தீங்குதான். ஒருவனை அடிப்பது தவறு என்பதும் அவரவர் கருத்துதானா என்று கேட்டு, அந்த முடிச்சை அங்கேயே அவிழ்த்தாக வேண்டும். விடையைச் சொல்லாமல் இருப்பது வேறு, எல்லா விடையும் சரி என்று விட்டுவிடுவது வேறு என்பதை நடத்துகிறவர் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும்.

பகையைப் பிறப்பிலேயே வாங்கிவரும் பிள்ளைகளிடம் இது என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரைக் காட்டுவேன். அங்கே ஆர்டோய்ன் பகுதியில் ஹோலி கிராஸ் ஆண்கள் தொடக்கப்பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்த கெவின் மெக்காரவி, மதப்பிரிவுக் கலவரங்களின் நினைவு ஆறாத தெருக்களிலிருந்து வரும் சிறுவர்களுக்குத் தத்துவத்தைப் பாடமாகவே வைத்தார். சண்டையிட்ட சிறுவர்களிடம் தண்டனைக்கு முன்னால் யோசனையைக் கேட்டார். அந்தப் பள்ளியைப் பற்றி 2021இல் ஓர் ஆவணப்படமும் வந்தது. நம் மாநிலத்தில், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, 2024இல் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிற்றை அறுக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கயிற்றை ஏன் கட்டினேன், இது இல்லாவிட்டால் நான் யார், என் அப்பா சொன்னார் என்பது போதுமான காரணமா என்று ஒரு பிள்ளை தன் வயதுப் பிள்ளைகளின் முன்னால் சொல்லிப் பார்க்கும் இடம் எந்தப் பாடவேளையில் இருக்கிறது? சாதிகள் இல்லையடி என்று காலை வழிபாட்டில் பாடிவிட்டு, அதே மூச்சில் கயிற்றோடு வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு நீதி போதிய அளவு சொல்லியாகிவிட்டது. தத்துவ வகுப்பு சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒழிக்க வேண்டிய பெரியவர்கள் வேறு. பிள்ளையிடம் காரணம் கேட்கும் ஓர் இடமாவது இருக்க வேண்டும் என்கிறேன்.

வீட்டில் எதிர்த்துப் பேசுவார்களே என்ற அச்சம் பெற்றோருக்கு இருப்பது இயல்பு. பேசுகிறார்கள், உண்மைதான். ஏன் என்று கேட்பது கூடுகிறது. ஆனால் காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வதும் கூடுகிறது என்று சில தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். காரணம் சொல்ல முடியாத கட்டளைகளை வைத்திருக்கும் வீடுகளுக்குச் சிரமம் வரத்தான் செய்யும்.

இதைத் தங்கள் ஊரில் தொடங்க விரும்புகிறவர்கள் எழுதிக் கேட்டிருப்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். பன்னிரண்டிலிருந்து பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பந்து ஒரு சுற்று வருவதற்குள் நேரம் போய்விடும். நாற்காலி வேண்டாம், நீங்களும் தரையில் உட்காருங்கள். ஏற்கெனவே நீதி எழுதப்பட்ட கதைகளை எடுத்தால் கடைசிப் பத்தியை மறைத்துவிட்டுப் படிக்கக் கொடுங்கள். மரியாதை ராமன் கதைகளும் தெனாலி ராமன் கதைகளும் நன்றாகப் பயன்படுகின்றன, ஏனென்றால் அவற்றில் தீர்ப்பு வருவதற்கு முன்னால் நிறுத்தி, நீங்கள் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள் என்று கேட்க முடிகிறது. தத்துவத்தில் பட்டம் தேவையில்லை, ஆனால் ஒரு கேள்வி கேட்டபின் நீளும் மௌனத்தைத் தாங்கும் பொறுமை கட்டாயம் வேண்டும். ஆசிரியராக இருந்தவர்களுக்கு அதுவே மிகக் கடினம், நமக்கு மௌனம் என்றாலே பாடம் புரியவில்லை என்றுதான் பொருள். பிள்ளைகள் சொன்னதை உங்கள் நல்ல தமிழில் மாற்றிப் பலகையில் எழுதாதீர்கள், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். முடிக்கும்போது தொகுத்துச் சொல்லாதீர்கள். பெற்றோர் வந்து உட்கார்ந்து கேட்க விரும்பினால் தாராளமாகக் கேட்கட்டும். பேச வேண்டுமென்றால் மட்டும், மற்றவர்களைப் போலவே, பந்து தங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.